மலையகத்துல வேன் வீட்டுல தங்குறவங்களுக்கு: குரங்கு, குளவி, எலி, அட்டையில இருந்து சிறுத்தை வரைக்கும் முழுமையான வழிகாட்டி

பழைய டொல்பின் வேன் (டொயோட்டா ஹயஸ்) ஒண்ண வாங்கி உள்ளுக்கு கட்டில், கேஸ் அடுப்பு, தண்ணி டாங்கி எல்லாம் வச்சு வீடாக்கி, ஹப்புத்தளை, ஓஹிய, வெலிமடை, மஸ்கெலியா பக்கமெல்லாம் மாறி மாறி நிப்பாட்டி வாழ்றோம், இது நாலாவது வருசம். இதுக்குள்ள கொழும்புல இருந்தும் யாழ்ப்பாணத்துல இருந்தும் வெளிநாட்டுல இருந்தும் சொந்தக்காரங்க, கூட்டாளிமார் எத்தனையோ பேர் வாடகைக்கு வேன் எடுத்துட்டு வந்து பக்கத்துல நிப்பாட்டிருக்காங்க. எல்லாரும் தடுமாறுறது ஒரே விசயத்துலதான். வந்ததும் கதிரைய வெளிய போட்டு தேத்தண்ணி ஊத்தி பாணை பிச்சு சாப்பிட்டுட்டு, இருட்டின பிறகு ஏதாவது சத்தம் கேட்டாத்தான் மிருகத்த பத்தி யோசிக்கிறாங்க. அப்ப யோசிச்சு செய்யக்கூடியது ரொம்ப கொஞ்சம்.

வேலைக்கு ஒரு வரிசை இருக்கு. முதல்ல இடம், அடுத்தது சாப்பாட்டு வாசம், அதுக்கப்புறம் வேன்ல உள்ள ஓட்டை, கடைசியா நம்ம உடம்பு. இந்த வரிசை ஏன்னு ஒவ்வொரு இடத்துலயும் சொல்றேன்.

1. மலை ஏற முன்ன சாமான் சேர்க்கிறது

கீழ டவுன்லயே வாங்கிருங்க, தோட்டத்து கடையில எல்லாம் கிடைக்காது. பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் ஒரு பத்து, சிலிக்கோன் டியூப் ஒண்ணு, மூடி இறுக்கமா பூட்டுற பிளாஸ்டிக் பெட்டி நாலு, மூடி உள்ள வாளி ரெண்டு, நல்ல டோர்ச் ரெண்டு, கம் பூட்ஸ், அட்டை சொக்ஸ், ஜன்னலுக்கு இரும்பு வலை, பழைய சொக்ஸ் ஒரு சோடி. பழைய சொக்ஸ் எதுக்குன்னு குரங்கு பகுதியில வரும்.

மருந்துப் பெட்டியில சவர்க்காரக் கட்டி ஒண்ணு கட்டாயம் இருக்கணும், குளிக்கிற சவர்க்காரம் வேற இது வேற, கடிபட்ட உடனே தேடிட்டு நிக்கக்கூடாது. ஃபோன்ல ரெண்டு நம்பர் போட்டு வைங்க, 1990 இலவச அம்புலன்ஸ், 1992 வனஜீவராசிகள் திணைக்களம். சிக்னல் இல்லாத இடத்துலதான் நிப்பாட்டப் போறீங்கன்னா சிக்னல் கிடைக்கிற கடைசி வளைவு எதுன்னு ஏறும்போதே பாத்து வச்சுக்கோங்க.

2. இடம் பாக்கிறது: முதல்ல மேல, அப்புறம்தான் கீழ

புதுசா வர்றவங்க இடம் பாக்கும்போது தரை சமமா இருக்கா, வியூ நல்லா இருக்கா, இதுதான் பாப்பாங்க. நான் முதல்ல அண்ணாந்து பாப்பேன், காரணம் மலையகத்துல என்ன கேட்டா சிறுத்தைய விட குளவிக்குத்தான் பயப்படணும்.

எங்க ஆளுங்க குளவின்னு சொல்றதுல பெரிய பங்கு உண்மையில பெரிய மலைத்தேனி, சிங்களத்துல பம்பரான்னு சொல்லுவாங்க. பாறை ஒதுக்குலயும் உசரமான டர்பன்டைன் மரக் கிளையிலயும் ஒத்தை அடையா தொங்கும். கூடு மூடி இருக்காது, தேனீ கூட்டமே அடைக்கு மேல போர்வை மாதிரி மூடி இருக்கும். கொழுந்து எடுக்கிறவங்க இது கொட்டி செத்த செய்தி வராத வருசம் இல்ல.

முதல் வருசம் ஹப்புத்தளை பக்கம் ஒரு பெரிய பாறைக்கு கீழ நிப்பாட்டப் போனேன். காத்துக்கு நல்ல மறைவு. தோட்டத்து வாச்சர் அண்ணன் ஒருத்தர் மேல இருந்து இறங்கி வந்தவர், சத்தம் போடாம கையால என்ன கூப்பிட்டார்.

"தம்பி, எஞ்சினை நிப்பாட்டுங்க. மேல பாருங்க, அந்த ஒதுக்குல."

கறுப்பா ஈரச் சாக்கு ஒண்ண தொங்கப் போட்ட மாதிரி தெரிஞ்சிச்சு. பாத்துட்டு இருக்கும்போதே அந்த சாக்குல ஒரு அலை ஓடிச்சு, ஒரு ஓரத்துல தொடங்கி மத்த ஓரம் வரைக்கும், வெயில்ல பட்டுத்துணி மினுங்குற மாதிரி. ஒவ்வொரு தேனீயும் பின்பக்கத்த தூக்கி தூக்கி இறக்குறதுதான் அந்த அலை. பக்கத்துல எதிரி இருக்குன்னு அதுங்க காட்டுற எச்சரிக்கை அது.

"அப்ப இப்பவே எடுத்துறவா அண்ணே?"

"மெதுவா ரிவர்ஸ்ல எடுங்க. ஹோர்ன் அடிச்சிராதீங்க."

அன்னைக்கு அந்த அண்ணன் வராம இருந்திருந்தா அங்கயே அடுப்பு பத்த வச்சிருப்பேன். புகையும் அதிர்வும் கூட்டை கிளப்பிவிடும், அதனாலதான் இந்த வேலை முதல் வேலை. பாறையோ பெரிய மரமோ தெரிஞ்சா தூரத்துலயே நிப்பாட்டி நடந்து போய் பாருங்க. கூடு இருந்தா அந்தப் பக்கமே வேணாம், இத்தனை அடி தள்ளி நிப்பாட்டினா சரின்னு கணக்கு போடாதீங்க.

மேல பாத்து முடிச்சா தரை. தேயிலை மலைக்குள்ள தண்ணி ஓட வெட்டின கான் ஓரம், கவ்வாத்து (தேயிலைச் செடிய கத்தரிக்கிறது) வெட்டின கொப்பும் இலையும் குமிஞ்ச இடம், மானாப் புல்லு முழங்காலுக்கு மேல வளந்த இடம், இது மூணும் வேணாம். முதல் ரெண்டுல பாம்பு, மூணாவதுல அட்டையும் உண்ணியும். புல்லு இல்லாத கல்லுத் தரைதான் நல்லது, படுக்க கொஞ்சம் சரிவா இருந்தா டயருக்கு அடியில பலகை வச்சு சமாளிக்கலாம்.

3. அந்த இடத்து ஆளுங்ககிட்ட கேக்கிறது

தோட்டத்துக்குள்ள நிப்பாட்ட தொரைகிட்டயோ (தோட்ட மனேஜர்) ஒபிஸ்லயோ அனுமதி வேணும், அது மரியாதைக்கு மட்டும் இல்ல. எந்தப் பக்கம் பன்னி இறங்குது, எந்த லயத்துல (தோட்டத்து ஆளுங்க வரிசை வீடு) நாய் காணாமப் போச்சு, எங்க குளவி இருக்கு, இதெல்லாம் தெரிஞ்சது அங்க வாழுறவங்களுக்குத்தான். நான் மூணு கேள்வி மட்டும் கேப்பேன்: இந்தப் பக்கம் குளவி கூடு இருக்கா, ராத்திரியில என்ன நடமாட்டம், பன்னிக்கு சுருக்குக் கம்பி கட்டிருக்காங்களா.

மூணாவது கேள்விக்கு பதில் சொல்ல சிலபேர் தயங்குவாங்க. ஆனா அதுதான் முக்கியம், இருட்டுல காட்டு ஓரமா ஒதுங்கப் போற உங்க காலும் அதுல மாட்டும், கூட கூட்டிட்டு வந்த நாயும் மாட்டும். 2020 மே மாசம் நல்லதண்ணி பக்கம் கருஞ்சிறுத்தை ஒண்ணு இந்த மாதிரி கம்பியில மாட்டி, மீட்டு எடுத்தும் பிழைக்கல. ஏதாவது மிருகம் கம்பியில மாட்டி கிடக்கிறத கண்டா கிட்ட போகாதீங்க, அவுத்துவிடப் போனா அது உங்கமேலதான் பாயும். தள்ளி நின்னு 1992க்கு அடிங்க.

தேசிய பூங்காவுக்குள்ளயும் ஒதுக்கு காட்டுக்குள்ளயும் அனுமதி இல்லாம ராத்திரி நிக்க முடியாது. ஹோர்ட்டன் சமவெளி பாக்கப் போறவங்க பட்டிப்பொல, ஓஹிய பக்கம் ஆள் உள்ள இடத்துல தங்கிட்டு காலையில போறதுதான் வழி.

4. சமையல்: இருட்ட ஒரு மணி நேரம் முன்ன முடிக்கணும்

இங்க ஆறரைக்கெல்லாம் இருட்டிரும். நான் அஞ்சு மணிக்குள்ள சோறு கறி முடிச்சு, அஞ்சரைக்கு பாத்திரம் கழுவி எடுத்துருவேன். குரங்கு பகல்ல நடமாடுறது, பொழுது சாய மரத்துக்கு ஏறிரும். பன்னி, எலி, முள்ளம்பன்றி எல்லாம் இருட்டின பிறகு வர்றது. பின்னேரம் வேனுக்குள்ள ஜன்னல் வலைய போட்டுட்டு சமைச்சா குரங்கையும் சமாளிக்கலாம், பன்னி கிளம்புற நேரத்துக்கு வாசமும் அடங்கிரும். ராத்திரி எட்டு மணிக்கு கருவாடு பொரிச்சீங்கன்னா பத்து மணிக்கு வேனுக்கு கீழ மூக்கால உழுற சத்தம் கேக்கும்.

குளிருக்காக எல்லாத்தையும் அடைச்சுட்டு கேஸ் அடுப்பு பத்த வைக்காதீங்க, கூரை ஓட்டையும் ஒரு ஜன்னலும் வலையோட திறந்தே இருக்கணும். உள்ள காத்து போகலன்னா மனுசனுக்கே ஆபத்து.

பாத்திரம் கழுவின தண்ணிதான் அடுத்த பெரிய பிழை. கதவை திறந்து அப்படியே வெளிய ஊத்துறது. அதுல இருக்கிற நாலு பருக்கை சோறு போதும். நான் வாளியில பிடிச்சு துணியில வடிகட்டி, பருக்கைய குப்பை வாளிக்குள்ள போட்டுட்டு, தண்ணிய வேன்ல இருந்து நல்லா தள்ளி மண்ணுல ஊத்துவேன். கான்லயோ ஓடையிலயோ ஊத்தவே மாட்டேன், கீழ தண்ணி விழுற பீலியில அந்தத் தண்ணியத்தான் ஆளுங்க குடிக்கிறாங்க.

மிச்ச சாப்பாட்ட குழி தோண்டி புதைச்சா சரின்னு நிறையபேர் நினைக்கிறாங்க. பன்னியோட வேலையே தோண்டுறது, உங்க குழி அதுக்கு நோண்டி வச்ச தட்டு மாதிரி. மூடி வாளியில போட்டு வேனுக்குள்ளயே வச்சு டவுனுக்கு கொண்டுபோங்க. மரக்கறி தோல் மட்டும்னா பக்கத்து லயத்துல மாடு வச்சிருக்கிறவங்ககிட்ட கேட்டு குடுக்கலாம், சந்தோசமா வாங்குவாங்க.

5. ஓட்டை அடைக்கிறது, எலிக்காக

எல்லாரும் குரங்கைத்தான் பெரிசா பேசுவாங்க, ஆனா காசு செலவு வைக்கிறது எலி. சுண்டெலிக்கு பென்சில் போற ஓட்டை இருந்தா போதும், பெரிய எலிக்கு பெருவிரல் போற அளவு.

டொல்பின்ல எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில இருக்கு. நுவரெலியா, அம்பேவெல பக்கம் ஜனவரி ராத்திரியில புல்லு மேல வெள்ளையா உறையும், அந்தக் குளிர்ல சூடான எஞ்சினை விட நல்ல படுக்கை எலிக்கு எங்க கிடைக்கும். ரெண்டாவது வருசம் ஒரு நாள் காலையில ஸ்டார்ட் ஆகல, சீட்ட தூக்கிப் பாத்தா கம்பியோட ரப்பர் எல்லாம் அரிசி அரிசியா கடிச்சு கிடக்கு, மேல மானாப் புல்லால ஒரு கூடு, அதுக்குள்ள என் சிவப்பு துவாயில இருந்து பிச்ச நூலு. துவாய் கட்டில்ல இருந்தது. அதைப் பாத்ததும்தான் எஞ்சின் பக்கத்துல இருந்து வீட்டுக்குள்ள அதுக்கு ஒரு பாதை இருக்குன்னு எனக்கு விளங்கிச்சு.

அடைக்கிற வரிசை இப்படி. பகல்ல வேனுக்குள்ள எல்லாத்தையும் மூடி இருட்டாக்கி, வெளிய ஒருத்தர் டோர்ச் அடிச்சுட்டே கீழ சுத்தி வரணும், உள்ள வெளிச்சம் தெரியிற இடமெல்லாம் ஓட்டை, சோக் கட்டியால வட்டம் போடுங்க. கேஸ் பைப் வர்ற இடம், சோலார் கம்பி வர்ற இடம், சிங்க் தண்ணி போற இடம், கியர் லீவர் அடி, இந்த நாலையும் ரெண்டு தடவை பாருங்க. கம்பி நாரை இறுக்கி திணிச்சு அதுக்கு மேல சிலிக்கோன். வெறும் சிலிக்கோனோ ஃபோமோ போட்டா ஒரே ராத்திரியில கடிச்சு எடுத்துரும், கம்பி நார்தான் பல்லுல குத்தும். தண்ணி போற பைப்பை அடைக்க முடியாது, வாயில இரும்பு வலை கட்டுங்க.

கார் வச்சிருக்கிறவங்க எலிக்கு பொனட்ட திறந்து வைக்கச் சொல்லுவாங்க, சூடும் இருட்டும் போயிரும்னு. டொல்பின்ல அந்த யோசனைய கேட்டு சீட்ட தூக்கி வைக்காதீங்க, நேரா படுக்கைக்குத்தான் வரும்.

விசம் வைக்க வேணாம். செத்த எலி கைக்கு எட்டாத இடத்துல நாறும், அதைத் தின்ற ஆந்தையும் லயத்து பூனையும் சேர்ந்து சாகும். கூட்டுப்பொறி வைங்க, கருவாட்டுத் துண்டுக்கு கட்டாயம் மாட்டும். எலி நடந்த மேசைய சவர்க்காரத் தண்ணியால துடைங்க, டின் மீன், டின் பால் திறக்க முன்ன மேல்பக்கத்த கழுவுங்க, எலிக்காய்ச்சல் எலியோட மூத்திரத்துல இருந்துதான் வருது. கையில கால்ல புண் இருந்தா கான் தண்ணியில வெறுங்காலோட இறங்காதீங்க, இதே காரணம்தான்.

6. குரங்கு

வர்றது செங்குரங்கு, சிங்களத்துல ரிலவா. தலையில தொப்பி வச்ச மாதிரி முடி, கன்னத்துல பை, கிடைச்சத அதுல அடைச்சுட்டு ஓடிரும். கறுப்பா முடி அடர்ந்து மரத்து மேலயே இருந்து கரகரன்னு கத்துறது மந்தி, அது இலை தின்ற சாதி, வேனுக்கு வராது, அதைக் கண்டா நின்னு ரசிங்க.

முதல் வேலை ஜன்னல். தள்ளுற கண்ணாடியோட கிளிப்ப நம்பாதீங்க. கொழும்புல இருந்து வந்த ஒரு தம்பியோட வேன்ல நான் கண்ணால பாத்தது: பெரிய குரங்கு ஒண்ணு கண்ணாடி ஓரத்துல நாலு விரலையும் தட்டையா வச்சு, மெதுவா, சத்தமே இல்லாம, நம்ம அம்மாமார் தூங்குற பிள்ளை எழும்பாம கதவு திறப்பாங்களே அந்த மாதிரி தள்ளிச்சு. ஒரு சாண் திறந்ததும் குட்டி ஒண்ணு உள்ள போயி பாணை முழுசா இழுத்துட்டு வந்துச்சு. தும்புத்தடிக் கம்ப (விளக்குமாத்துக் கம்பு) கண்ணாடி ஓடுற தண்டவாளத்துக்கு அளவா வெட்டி உள்பக்கமா வச்சீங்கன்னா கண்ணாடி அசையாது. செலவே இல்லாத வேலை, இத முதல் நாளே செய்யுங்க.

ரெண்டாவது அந்த பழைய சொக்ஸ். நிப்பாட்டின உடனே சைட் கண்ணாடி ரெண்டுக்கும் மாட்டிருங்க. கண்ணாடியில தன் முகத்த பாத்து இன்னொரு குரங்குன்னு நினைச்சு சண்டை பிடிக்கும், பிடிச்சு முறுக்கும். குருவிங்களும் வந்து கொத்தும். மாடு வந்து முதுகு சொறியறதுக்கு மட்டும் சொக்ஸ் உதவாது, கண்ணாடிய மடக்கி வைங்க.

மூணாவது பொலித்தீன் பை. சிலுசிலு சத்தம் கேட்டா சாப்பாடுன்னு அதுங்களுக்கு பழகிப்போச்சு. வேனுக்கும் வெளிக்கும் சாமான் எடுக்கிறதுன்னா துணிப்பையோ மூடின பெட்டியோ மட்டும்தான்.

எதிர்ல வந்துட்டா பல்லு தெரிய சிரிக்காதீங்க, கண்ணுக்குள்ள உத்துப் பாக்காதீங்க, ரெண்டும் அதுக்கு சண்டைக்கு கூப்பிடுற மாதிரி. கையில உள்ளத பிடிச்சுட்டா விட்டுருங்க, இழுத்தா கடிக்கும். ஒரு கம்ப எடுத்து தரையில தட்டினா பெரும்பாலும் ஒதுங்கும். கவண் வாங்கிட்டு வர்றாங்க சிலபேர், தயவுசெஞ்சு வேணாம். கூட்டத்துல ஒண்ணுக்கு அடிபட்டா மத்ததெல்லாம் கத்திட்டு திரும்பி நிக்கும், அதோட பசிக்கு வந்த ஒரு உயிரை குருடாக்கிட்டு எப்படி நிம்மதியா சோறு சாப்பிடுறது.

சாப்பாடு குடுக்கவே கூடாது, ஒரு வாழைப்பழத் தோல் கூட. நீங்க நாளைக்கு கிளம்பிருவீங்க, பழகின குரங்கு அடுத்த நாள் லயத்து காம்பராவுக்குள்ள கூரைய பிரிச்சு இறங்கும், அந்தக் கோபம் முழுக்க குரங்கு மேலதான் விழும். ஹோர்ட்டன் சமவெளியில வண்டி பக்கத்துலயே வந்து நிக்கிற மரைக்கும் (பெரிய மான்) இதேதான். சாதுவா பாக்கும், ஆனா அது பெரிய உடம்பு, கொம்பு உள்ள காட்டு மிருகம். பூங்காவுக்குள்ள தீனி போடுறதுக்கு தடையும் இருக்கு.

7. அட்டை

ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் மழை, பதுளை, பண்டாரவளை பக்கம் ஒக்டோபர்ல இருந்து ஜனவரி வரைக்கும். மழை எங்கயோ அட்டை அங்க.

சொக்ஸ கால்சட்டைக்கு மேல இழுத்து விடுங்க, கால்சட்டைக்கு உள்ள இல்ல. அட்டை கீழ இருந்து மேல ஏறுற சாதி, சொக்ஸ் உள்ள இருந்தா கால்சட்டை விளிம்புக்குள்ள நேரா பூந்துரும். கொழுந்து எடுக்கிற அக்காமார் காய்ஞ்ச சவர்க்காரத்த கால்ல தேய்ச்சுட்டு போவாங்க, அது நல்லா வேலை செய்யும், மழையில கரையிறதால திரும்பத் திரும்ப தேய்க்கணும்.

கடிச்சா பிச்சு எடுக்காதீங்க. ஒல்லியா இருக்கிற முனைதான் வாய்ப்பக்கம், அந்த இடத்துல நகத்த தோலோட படிய வச்சு பக்கவாட்டா தள்ளினா விட்டுரும், உடனே மத்த முனையையும் தள்ளி சுண்டி விடுங்க. உப்பு, நெருப்புக்குச்சி எல்லாம் போட்டா அது குடிச்சத புண்ணுக்குள்ளயே கக்கலாம். ரத்தம் உறையாம இருக்க ஒரு சாறு விடுறதால ரொம்ப நேரம் ஒழுகும், பாத்து பயப்பட வேணாம், சவர்க்காரம் போட்டு கழுவி அமத்திப் பிடிங்க.

வேனுக்குள்ள ஏற முன்ன வாசப்படியில உக்காந்து பூட்ஸ கழட்டி தட்டி, விரல் இடுக்கு பாத்துட்டுத்தான் காலை உள்ள வைக்கணும். இத ஒருத்தர் செய்யாட்டி கட்டில்ல எல்லாருக்கும் பங்கு கிடைக்கும்.

8. பாம்பு

தேயிலை மலையில அதிகமா கடிக்கிறது குட்டையா, காய்ஞ்ச இலை நிறத்துல, மூக்கு நுனி மேல தூக்கின மாதிரி இருக்கிற விரியன், சிங்களத்துல பொலொன் தெலிஸ்ஸா. அசையாம இலைக்குள்ள கிடக்கும், மிதிச்சாத்தான் கடிக்கும். அதனாலதான் இடம் பாக்கும்போதே இலைக் குமியல தவிர்க்கச் சொன்னேன்.

வெளிய மஞ்சள் பல்ப் போடுங்க, வெள்ளை பல்புக்கு பூச்சி கூடுதலா வரும், பூச்சிக்கு தவளை வரும், தவளைக்கு பாம்பு வரும். அதையும் தேவைக்கு மட்டும். ராத்திரி கீழ இறங்குறதுன்னா முதல்ல டோர்ச் வெளிச்சம், அப்புறம் பூட்ஸ், அப்புறம்தான் கால். பூட்ஸ உள்ளயே வைங்க, இல்லாட்டி காலையில தட்டிப் போடுங்க, பூரானும் அதுக்குள்ளதான் படுக்கும்.

கடிச்சா மோதிரம், வளையல், மணிக்கூடு உடனே கழட்டணும், வீங்கும். கட்டு போடாதீங்க, கீறாதீங்க, உறிஞ்சாதீங்க. கடிபட்ட கை காலை அசைக்காம வச்சு 1990க்கு அடிச்சு பெரிய ஆஸ்பத்திரிக்கு போங்க. இங்க வழக்கமா குடுக்கிற இந்திய விச முறிவு மருந்து இந்த மூக்கு விரியனுக்கு கேக்காது, ஆனாலும் ரத்தம் உறையுதா, கிட்னி வேலை செய்யுதான்னு டொக்டர்மார் பாத்துட்டே இருக்கணும், "சின்னப் பாம்புதானே"ன்னு இருந்துராதீங்க. பாம்ப அடிச்சு கொண்டுபோக வேணாம், தள்ளி நின்னு ஃபோட்டோ எடுக்க முடிஞ்சா போதும்.

9. நாயும் சிறுத்தையும் ஒண்ணா பாக்கணும்

ரெண்டையும் ஏன் சேத்தேன்னா தோட்டத்துப் பக்கம் சிறுத்தை லயத்துக்கு கிட்ட வர்றதுக்கு நாயும் ஒரு காரணம். ஆளுங்க புலின்னு சொல்லுவாங்க, இங்க உள்ளது சிறுத்தைதான்.

லயத்து நாய் முதல் ராத்திரி குரைக்கும், நீங்க பேசாம இருந்தா மோந்து பாத்துட்டு போயிரும். பாவமேன்னு பாண் துண்டு போட்டா உங்க வேனுக்கு அடியிலயே படுக்கும். நீங்க கொண்டு வந்த நாய்னா பொழுது சாஞ்ச பிறகு வெளிய கட்டவே கூடாது, சங்கிலியில இருக்கிற நாய்க்கு ஓடக்கூட வழி இல்ல. உள்ளயே படுக்க வைங்க, ஒண்ணுக்கு கூட்டிட்டுப் போறதையும் இருட்டுறதுக்கு முன்ன முடிச்சுருங்க.

சிறுத்தைய நேர்ல கண்டவங்க ரொம்ப குறைவு, அது நம்மள தவிர்த்துத்தான் நடக்கும். வேனுக்குள்ள இருக்கும்போது கண்டா லைட்ட அணைச்சுட்டு பாத்துட்டு இருங்க, கதவை திறந்து வீடியோ எடுக்கப் போகாதீங்க. நடக்கும்போது எதிர்ல கண்டா ஓடவோ குனியவோ கூடாது, சின்னப் பிள்ளை இருந்தா தூக்கிக்கோங்க, முகத்த அதுபக்கமே வச்சு மெதுவா பின்னால நடங்க.

யானை பிரச்சினை மேல மலையில ரொம்ப குறைவு. ஆனா கொஸ்லந்த தாண்டி வெல்லவாய பக்கம் இறங்கினாலும், கண்டியில இருந்து ரந்தெனிகல ரோட்ல போனாலும் யானை உள்ள இடம், அங்க ராத்திரி ரோட்டோரம் நிப்பாட்டாதீங்க.

10. கடி, கீறல், கொட்டு

நாயோ குரங்கோ கடிச்சா, நகம் கீறினாலும்தான், ஓடுற தண்ணியில சவர்க்காரம் போட்டு முழுசா 15 நிமிசம் கழுவணும். மணிக்கூட்ட பாத்து கழுவுங்க, பதறுற நேரத்துல ரெண்டு நிமிசமே 15 மாதிரி இருக்கும். மஞ்சள், மிளகாத்தூள், கோப்பித்தூள் எதுவும் அப்ப வேணாம். அன்னைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்கு போங்க, விசர்நாய்க்கடி ஊசி காசில்லாம போடுவாங்க. நோய் குணம் வெளிய வந்த பிறகு காப்பாத்த முடியாத நோய் இது, அதனால "பாக்கலாம்"னு ஒரு நாள் கூட இருக்காதீங்க.

குளவி கிளம்பிட்டா கையால வீசாதீங்க, முகத்தையும் தலையையும் துணியால மூடி ஓடிப் போய் வேனுக்குள்ள ஏறி அடைச்சுருங்க. அதனால பகல்ல வேன் கதவு வெளிய இருந்து ஒரே இழுப்புல திறக்கிற மாதிரி இருக்கணும், நாங்க பூட்டிட்டு தூரமா போற நேரம் சாவி கழுத்துல தொங்கும். தேனீ கொடுக்கு தோல்ல நின்னா நகத்தால சுரண்டி சீக்கிரம் எடுங்க. நிறைய கொட்டினாலும், ஒண்ணே கொட்டி மூச்சு இழுத்தாலும், உதடு வீங்கினாலும், தலை சுத்தினாலும் 1990.

11. காலையில கிளம்ப முன்ன

முன் சீட்ட தூக்கி எஞ்சினை பாருங்க, புது புல்லு, புழுக்கை, கடிச்ச ரப்பர் இருந்தா ஸ்டார்ட் பண்ணாதீங்க. கண்ணாடி சொக்ஸ கழட்டுங்க. தரையில ஒரு முட்டைக்கோது, ஒரு டிஷூ கூட இல்லாம பொறுக்கிட்டு வாச்சர் அண்ணன்கிட்ட சொல்லிட்டு கிளம்புங்க, அடுத்தவாட்டி வரும்போது குளவி எங்க மாறியிருக்குன்னு அவர்தான் சொல்லப் போறார்.

சாவிய திருப்ப முன்ன கடைசியா குனிஞ்சு அடியில பாக்கணும், நாலு டயர் பக்கமும். குளிர் ராத்திரியில லயத்து நாய்க்குட்டிங்க சூட்டுக்கு டயரோட உள்பக்கமா ஒட்டிப் படுத்திருக்கும், ஹோர்ன் அடிச்சா கூட எழும்பாது. கையால தட்டி எழுப்பி, அது உடம்ப உதறி எட்ட நடந்து போறத கண்ணால கண்ட பிறகு எஞ்சினை போடுங்க.